பம்பளிமாஸ் மரத்துக்குச் சொந்தக்காரி

பம்பளிமாஸ் உரிக்கத் தெரியாதவர்கள் அதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்பது என் கட்சி. கசக்கிறது என்பார்கள், இத்தனை பெரிய உருப்படியில் தின்ன இவ்வளவுதானா என்பார்கள். தோலும் பஞ்சும் சுளையுமாகச் சேர்த்துக் கடித்தால் எதுதான் கசக்காது? ஒரு பழத்தோடு கொஞ்ச நேரம் உட்கார முடியாதவர்களுக்குக் கொய்யாக்காய் போதும்.

இப்படிப் பேச எனக்கு உரிமை உண்டு. ஒரு பம்பளிமாஸ் மரத்துக்கு நான் சொந்தக்காரியாக இருந்தவள். இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தவள் என்று சொல்வதுதான் சரி.

நான் பிறந்த வீடு பத்மநாபபுரம் கோட்டைக்கு வெளியே, தக்கலைப் பெரிய சாலையிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு ஊடுவழியில் இருந்தது. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஒரு தடவை குலசேகரம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவர் ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு பதியன் செடியோடு திரும்பி வந்தார். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், மனையின் கிழக்கு ஓரத்தில் அதை நட்டார். நாங்கள் நார்த்தை என்று நினைத்தோம். சில வருஷம் இலையும் முள்ளுமாக நின்றது. அண்ணன் இரண்டு தடவை வெட்டிவிடலாம் என்றான். மூன்றாவது தடவை சொல்வதற்குள் பூத்துவிட்டது, வீடு முழுக்க வாசனை. பிறகு காய் கண்டோம். அது பருத்துக்கொண்டே போனதைப் பார்த்து, பூசணிக்கொடி எப்போது மரத்தில் ஏறியது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டார்கள்.

முதல் வருஷம் இரண்டே காய்தான். முதல் பழத்தை அண்ணன் எடுத்தான். அவன் என்னைவிட நாலு வயது மூத்தவன், ஆகையால் எல்லாவற்றையும் முதலில் எடுப்பான். இளநீர் வெட்டுவது மாதிரி வெட்டுகத்தியால் ஓங்கி இரண்டு போடு போட்டான். சாறு பாதி தரையில் போயிற்று. மீதியைப் பஞ்சோடு பிய்த்து எல்லோருக்கும் கொடுத்தான். அம்மா துப்பினாள். அண்ணன் துப்பினான். குலசேகரத்துக்காரர்கள் அப்பாவை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள் என்று முடிவாயிற்று. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

இரண்டாவது பழத்தை நான் துவைகல்லுக்குக் கொண்டுபோனேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அரிவாள்மணையை வேண்டாம் என்று விட்டு, காய் நறுக்கும் சின்னக் கத்தியை எடுத்துக்கொண்டேன். காம்புப் பக்கம் ஒரு வட்டம் வெட்டி மூடி மாதிரி எடுத்தேன். அங்கிருந்து கீழ்வரைக்கும் கீறல் போட்டேன், கத்தி சுளையைத் தொடாத அளவுக்கு. பிறகு கட்டைவிரலை உள்ளே விட்டு இழுத்தால் தோல் ஒரு விரல் தடிப்பில் பட்டை பட்டையாக வந்தது. உள்ளே இருந்த வெள்ளைப் பஞ்சையும் விடாமல் கிள்ளி எடுத்தேன், அப்போது உருண்டை பாதியாகச் சிறுத்துவிட்டது. நடுவில் பிளந்து சுளைகளைப் பிரித்தேன். ஒவ்வொரு சுளையின் முதுகிலும் நகத்தால் கீறி, அந்தக் காகிதம் போன்ற தொலியை இரண்டு பக்கமும் மடக்கி உரித்தேன். கசப்பெல்லாம் அந்தத் தொலியில்தான் இருந்தது. உள்ளே ஊறவைத்த சம்பா அரிசி மாதிரி சிவப்புச் சிவப்பாக அடுக்கியிருந்தது. ஒரு சுளையை வாயில் போட்டேன். புளிப்பு முதலில் வந்தது, அடுத்து இனிப்பு, கடைசியில் தொண்டையில் ஒரு சிறு கசப்பு. நான் அங்கேயே உட்கார்ந்து தனியாக நாலு சுளை தின்றேன்.

மீதியை ஒரு தட்டில் வைத்து அப்பா வரும்வரை மூடி வைத்தேன். அவர் தின்றார், அம்மாவும் தின்றாள். அண்ணன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியே பெரும்பாதியைத் தின்றான். அன்றிலிருந்து அந்த வீட்டில் பம்பளிமாஸ் உரிப்பது என் வேலை. அடுத்த வருஷங்களில் காய்ப்பு கூடியது, தெருப் பிள்ளைகள் தோலைக் கவிழ்த்துத் தொப்பி போட்டுக்கொண்டு திரிந்தார்கள். சபைப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து நான் உரிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். என் கர்வத்துக்கு அளவே இல்லை.

எங்கள் ஆட்களில் அப்போது பெண்ணுக்கு மண் கிடையாது. நகை போடுவார்கள், பாத்திரம் கொடுப்பார்கள், அதோடு கணக்கு தீர்ந்தது. ஆனால் சில வீடுகளில் ஒரு மரத்தைக் குறித்துக் கொடுப்பது உண்டு. ஒரு தென்னையோ பலாவோ அண்ணன் தம்பி மனையில்தான் நிற்கும், அதன் காய் மட்டும் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு வருஷா வருஷம் போய்ச் சேரும். எழுத்து ஒன்றும் கிடையாது, பத்துப் பேர் கேட்கச் சொன்னால் போதும். என் கல்யாணத்துக்கு முந்தின நாள் ஜெபம் முடிந்ததும் அப்பா எழுந்து நின்றார். எங்கள் சபை உபதேசியார் இருந்தார், மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் இருந்தார்கள்.

“மண்ணு மகனுக்கு,” என்றார் அப்பா. “அந்தப் பம்பளிமாஸ் மரம் எனக்க மகளுக்கு. அது நிக்குத வரைக்கும் காய் பூரா அவளுக்கு.”

சிரிப்பு எழுந்தது. பலா கொடுப்பார்கள், புளி கொடுப்பார்கள், பம்பளிமாஸை யார் கொடுப்பார்கள்? வரப்போகிற மாமியின் முகம் சுண்டிவிட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டு அழுதேன், சந்தோஷத்தில். இந்த உலகத்தில் என்னுடையது என்று சொல்ல எனக்கு அந்த ஒரு மரம்தான். நகையைக் கழற்றி வாங்கிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும், வாங்கிக்கொள்ளவும் செய்தார்கள்.

புகுந்த வீடு நாகர்கோவிலுக்குக் கிழக்கே, வயல்கள் சூழ்ந்த ஊர். என் பேச்சில் மலையாளம் அடிக்கிறது என்று அங்கே என்னைக் கேலி செய்தார்கள். மாமி வெகு காலம் என்னைப் பம்பளிமாஸ் மருமகள் என்றுதான் சொன்னாள். என் வீட்டுக்காரர் குலசேகரத்தில் ஒரு ரப்பர் வியாபாரியின் கிட்டங்கியில் கணக்கப்பிள்ளை. வாரம் முழுக்க அங்கே இருந்துவிட்டுச் சனிக்கிழமை வருவார். கை நீட்டாதவர், குடிக்காதவர், அதிகம் பேசாதவர். இப்படி ஒருவர் கிடைத்தாரே என்று நான் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்ன நாட்கள் உண்டு.

கல்யாணமாகி இரண்டாம் வருஷம் அப்பா போய்விட்டார். அம்மா அவருக்கு முன்பே போயிருந்தாள். அடக்கம் முடிந்து ஊருக்குக் கிளம்பும் முன்னால் நான் மரத்தடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அண்ணன் மனைவி, என் மைனி, அடுக்களையிலிருந்து யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். மரத்தை யாரும் தூக்கிக்கொண்டு போய்விட மாட்டார்கள், அடிக்கடி வந்து எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை என்றாள். அப்பாவைப் புதைத்த மண் காயவில்லை. எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. இனி என் காய் என்னைத் தேடி வரட்டும், நான் இந்த வாசல் மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னதை நான் விடுகிறவள் இல்லை.

காய் தேடி வந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன். ஒவ்வொரு வருஷமும் கிறிஸ்மஸுக்கு மறுநாள் அண்ணன் பெரிய பனையோலைக் கடவத்தில் பம்பளிமாஸ் நிறைத்துத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் முற்றத்தில் வந்து இறங்குவான். மைனியோடு பேச்சில்லை, அவனோடு எனக்கு மனத்தாங்கல் இல்லை. அப்பா சொன்ன சொல்லை வருஷம் தவறாமல் காப்பாற்றுகிறானே என்று உருகிப்போவேன். என் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து கடவத்துக்குக் கை கொடுத்து இறக்குவார்.

“வாங்க மச்சான்,” என்பார். “ஒங்க தங்கச்சி மரம் இந்தத் தடவ நல்லாக் காச்சுதா?”

கர்த்தருடைய கிருபையில் நல்ல காய்ப்பு என்பான் அண்ணன்.

அதிகம் பேசாத மனிதர் என் மரத்தைப் பற்றி இத்தனை அக்கறையாக விசாரிக்கிறாரே என்று எனக்கு அந்த நேரத்தில் உள்ளே ஒரு குளிர்ச்சி. பிறகு பாயை விரித்து உட்காருவேன். பக்கத்து வீட்டில் ஐயாவழிக்காரர்கள், நெற்றியில் நாமம் இட்ட அந்த அம்மாளும் பிள்ளைகளும் வருவார்கள். மாமிகூட உப்பையும் மிளகாய்ப்பொடியையும் கலந்து எடுத்துக்கொண்டு வந்து உட்காருவாள். நல்ல பழத்துக்கு உப்பு எதற்கு என்று நான் ஒவ்வொரு வருஷமும் சண்டை போடுவேன். உரித்து உரித்து எல்லோர் கையிலும் வைப்பேன். கடைசியாக நான் ஒரு சுளை தின்றுவிட்டு, எங்கப்பா மரத்துப் பழத்துக்கு இந்தத் திருவிதாங்கூரிலேயே ஈடு கிடையாது என்பேன். எல்லோரும் ஆமாம் என்பார்கள். அண்ணன் ஆமாம் என்பான். இவரும் ஆமாம் என்பார்.

இப்படி ஏழெட்டு வருஷம் போயிற்று. எனக்கு முதலில் ஒரு பெண் பிறந்தாள், பிறகு இரண்டு பையன்கள்.

அந்தக் குறிப்பிட்ட வருஷம் இவருக்கு மலைக்காய்ச்சல். கிறிஸ்மஸுக்கு மூன்று வாரம் முன்பே குலசேகரத்திலிருந்து வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். கொயினா மருந்து குடித்துக் குடித்துக் காது அடைத்துப்போய்க் கட்டிலிலேயே கிடந்தார். பண்டிகைக்கு மறுநாள் அண்ணன் வழக்கம் போலக் கடவத்தோடு வந்தான். இவர் எழுந்து வர முடியாததால் நானே இறக்கினேன். அண்ணன் தண்ணீர் குடித்துவிட்டு உடனே கிளம்பப் பார்த்தான். இரு, தின்றுவிட்டுப் போ என்று உட்கார வைத்தேன்.

மூடியை வெட்டினேன், கீறினேன், பஞ்சை எடுத்தேன். முதல் சுளையின் தொலியை மடக்கியதும் என் கை நின்றுவிட்டது. உள்ளே வெள்ளை, பச்சை ஓடின வெள்ளை. அடுத்த சுளை, அதுவும் வெள்ளை. இன்னொரு பழத்தை வெட்டினேன், அதுவும் அப்படியே. வெளியிலிருந்து பார்த்தால் எந்தப் பம்பளிமாஸும் ஒன்றுதான், உரித்தால்தான் நிறம் தெரியும்.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. இந்த வருஷம் மழை ஜாஸ்தி, அதில் நிறம் வெளுத்துப்போயிற்று என்றான். மழையில் வெளுக்க அது சாயச் சேலையா? வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன். மாமி என்னைப் பார்க்கவில்லை. எப்போதும் முதல் ஆளாக வாயைத் திறக்கிறவள் அன்றைக்கு உப்புக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதே எனக்குள் ஏதோ இடறியது. அண்ணன் சந்தையில் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான் என்று மட்டும்தான் நினைத்தேன். மரம் பட்டுப்போயிருக்கலாம், சொன்னால் நான் அழுவேன் என்று மறைக்கிறான், பாவம் என்றுகூட நினைத்தேன்.

இவருக்குக் காய்ச்சல் விட்டதும், வாசல் மிதிக்க மாட்டேன் என்ற சொல்லையும் மீறி, ஒரு நாள் காலையில் பிள்ளைகளை மாமியிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். தக்கலை போகிறேன் என்று மட்டும் சொன்னேன். இவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார், அப்புறம் போகலாமே என்றார். அந்தப் பலவீனத்திலும் வாசல்வரை வந்து இன்னொரு தடவை சொன்னார். நான் நிற்கவில்லை.

ஊடுவழியில் இறங்கும்போதே கருவாட்டு நாற்றம் வந்தது. யார் வீட்டிலோ கறி வைக்கிறார்கள் என்று நடந்தேன். கிட்டே போகப்போக நாற்றம் கூடியது. எங்கள் மனையின் கிழக்கு ஓரம் இருந்த இடத்தில் ஓடு போட்ட ஒரு நீளக் கட்டடம் நின்றது. கடியப்பட்டணத்திலிருந்து வந்த கருவாட்டு மூட்டைகளை இரண்டு பேர் வண்டியிலிருந்து இறக்கி உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தார்கள். துவைகல்லும் இல்லை, மரமும் இல்லை. சுவரைப் பார்த்தேன், பாசி பிடித்த பழைய சுவர். நேற்று முந்தாநாள் கட்டினது அல்ல.

அண்ணன் வீட்டில் இல்லை. மைனி முற்றத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. மரம் எங்கே என்று கேட்டேன். வெட்டி எத்தனையோ வருஷமாயிற்று என்றாள். அப்பா போன மறு வருஷமே அந்த ஓரத்தை ஒரு கருவாட்டு வியாபாரிக்குக் கொடுத்துவிட்டார்களாம். பத்துப் பேர் கேட்க எனக்குக் கொடுத்த மரத்தை எப்படி வெட்டினீர்கள் என்று கத்தினேன். அவள் கத்தவில்லை. அவளிடம் நான் எதிர்பார்க்காத ஒரு நிதானம் இருந்தது.

“உனக்க மாப்பிளைக்குத் தெரியாம இங்க ஒண்ணும் நடக்கல்ல,” என்றாள். “அவரு வந்து சம்மதம் சொன்ன பொறவுதான் அளந்து குடுத்தது. பழமும் வருஷா வருஷம் அவருதான் வாங்கித் தருவாரு. இவிய, உனக்க அண்ணன், சொமந்தது மட்டுந்தான்.”

மீதியை நான் கேட்டுக் கேட்டு வாங்கினேன். பெண்ணுக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுப்பதானால் அவள் மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும், அவளிடம் கேட்கிற வழக்கம் யாருக்கும் இல்லை. அண்ணன் இவரிடம் கேட்டான். உபதேசியாரிடமும் மற்றப் பெரியவர்களிடமும், மாப்பிள்ளைக்குச் சம்மதம் என்று சொன்னான். அவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். மனை விற்றதில் ஒரு பங்கு எங்கள் வீட்டுக்கு வந்தது. அதில்தான் எங்கள் கிணறு வெட்டினார்கள். நீ வாய்க்காலுக்கு நடந்து நடந்து தண்ணீர் சுமக்க வேண்டாமே என்று இவர் சொல்லி, அந்தக் கிணற்று முதல் தண்ணீரை என் கையில் ஊற்றியது ஞாபகம் வந்தது. அன்றைக்கு எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இப்போது மைனியின் முன்னால் நின்று கண் நிறையக் கூடாது என்று பல்லைக் கடித்தேன்.

பழம் வந்த வழியையும் அவள்தான் சொன்னாள். இவர் குலசேகரத்துக்கு மேலே ஒரு வீட்டில், சிவப்புச் சுளைதான் என்று வெட்டிப் பார்த்துச் சொல்லி வைத்து, கிறிஸ்மஸுக்கு முந்தின சனிக்கிழமை வாங்கித் தக்கலையில் அண்ணனிடம் கொடுப்பாராம். பிறகு, அண்ணன் வருவதற்கு முன்பே வீட்டுக்கு வந்து, ஒன்றும் அறியாதவராக நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இந்த வருஷம் அவர் படுத்துவிட்டதால் அண்ணன் தானே சந்தையில் வாங்கியிருக்கிறான். அந்த மரத்தடியில் வளர்ந்தவனுக்கு வெட்டிப் பார்த்து வாங்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு நினைவெல்லாம் அந்தக் கேள்விதான். ஒங்க தங்கச்சி மரம் நல்லாக் காச்சுதா? தக்கலையில் தானே வாங்கிக் கொடுத்த கடவத்தைத் தானே இறக்கிக்கொண்டு, அந்தக் கேள்வியை வருஷா வருஷம் கேட்டிருக்கிறார். அண்ணன் பேராசைக்காரன், அதை நான் சின்ன வயதிலிருந்து அறிவேன். மைனிக்கும் எனக்கும் ஆகாது. அவர்கள் செய்ததை என்னால் தாங்க முடியும். இவர் அந்தக் கேள்வியைக் கேட்காமலாவது இருந்திருக்கலாம். இத்தனை வருஷம் என் தலையில் மிளகாய் அரைத்தது போதாதென்று, அரைத்த கையாலேயே தடவியும் கொடுத்திருக்கிறார்.

என் நாக்கின் மேலும் எனக்குக் கோபம் வந்தது. எங்கோ மலையோரத்தில் யாரோ வளர்த்த மரத்தின் பழத்தைத் தின்றுவிட்டு, எங்கப்பா மரத்துக்கு ஈடு இல்லை என்று சபை கூட்டிச் சொல்லியிருக்கிறது. ஒரு வருஷமாவது அது சந்தேகப்பட்டிருக்கக் கூடாதா?

வீட்டுக்கு வந்ததும் இவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. மறுக்கவில்லை, அதற்காக அவரை மெச்சலாம்.

“ஒங்கிட்ட கேட்டா நீ ஒத்துக்கிட மாட்டேன்னுதான் சொல்லல்ல,” என்றார். பிறகு அவருக்கே கொஞ்சம் கோபம் வந்தது. “வருஷா வருஷம் நல்லாயிருக்குன்னு நீதானே தின்ன? ஒனக்கு என்ன கொறஞ்சு போச்சு?”

“எல்லாருமா எனக்க வாயப் பாத்துக்கிட்டு இருந்திருக்கிய,” என்றேன்.

என்ன குறைந்துபோயிற்று என்று அவர் உண்மையாகவே கேட்டார், கேலியாக அல்ல. அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. அந்தக் கருவாட்டுக் கிடங்கு இருக்கிற இடத்தில் மரம் நின்றாலும் இல்லாவிட்டாலும் என் வாயில் விழுந்தது சிவப்புப் பழம்தான், அதுவும் நல்ல பழம்தான். என்னிடம் கேட்டிருந்தால் கிணற்றுக்காக நானே கொடுத்திருப்பேனோ என்னவோ. வாய்க்காலிலிருந்து குடம் சுமந்தவள் நான்தானே. கொடுத்திருப்பேனா மாட்டேனா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் அவர்கள் என்னை விடவில்லை.

அந்த வருஷம் முழுக்க நான் அவரிடம் தேவைக்கு மட்டும் பேசினேன். எது வாங்கி வந்தாலும், மீன் ஆனாலும் துணி ஆனாலும், இது எங்கே வாங்கினது என்று கேட்பேன். சொல்வார். சொன்னது மெய்தானா என்று உள்ளே ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கும். மாமி ஒரு நாள் என்னிடம், ஒரு புளிச்ச பழத்துக்கு இவ்வளவு பிடிவாதமா என்றாள். அவளுக்கும் தொடக்கத்திலிருந்தே தெரியும் என்பதை அதற்குள் நான் இவரிடமிருந்தே கேட்டு வாங்கியிருந்தேன். தெரிந்துகொண்டேதான் அவள் உப்புக் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

அடுத்த கிறிஸ்மஸுக்கு அண்ணன் வரவில்லை. புது வருஷத்தன்று எங்கள் வீட்டில் ஜெபக் கூட்டம். எங்கள் ஊர் உபதேசியாரும் சபைக் குடும்பங்களும் வந்திருந்தார்கள், பக்கத்து வீட்டு ஐயாவழிக்காரர்களும் மரியாதைக்கு வந்து முற்றத்து ஓரத்தில் நின்றார்கள். ஆமென் சொல்லி முடிந்ததும் இவர் யாரும் கலைய வேண்டாம் என்றார். பின்பக்கம் போய் ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு பதியன் செடியை எடுத்துக்கொண்டு வந்தார். குலசேகரத்தில் அந்தச் சிவப்புச் சுளை மரத்திலிருந்து தானே சொல்லிப் பதியன் போட வைத்தாராம். கையில் மண்வெட்டியும் இருந்தது. காய்ச்சல் உடம்பு அவருக்குப் பிறகு பழையபடி தேறவே இல்லை. நாலு பேர் முன்னால் பேசிப் பழகாத மனிதர் வியர்த்துக்கொண்டு நின்றார்.

“இந்த மரம் இவளுக்கு,” என்றார். “எல்லாரும் கேக்கத்தான் சொல்லுகேன். இத இனி யாரும் தொடப்பிடாது.”

பக்கத்து வீட்டு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உபதேசியார் நல்ல காரியம் என்று தலையை ஆட்டினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான் சிரிக்க வேண்டும், அதோடு அந்த வருஷத்து மனக்கசப்பு தீர வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். எனக்கும் சிரித்துவிட ஆசையாகத்தான் இருந்தது. ஒரு வருஷம் ஊமையாக இருப்பது லேசு இல்லை.

ஆனால் அவர் நின்ற நிலையும் சொன்ன விதமும் அப்படியே அப்பாவாக இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மண்ணு மகனுக்கு, மரம் மகளுக்கு. நான் சந்தோஷத்தில் அழுத அந்தப் பேச்சில் முதல் பாதியை நான் காதில் வாங்கவே இல்லை. மண் இன்னொருவனுடையதாக இருக்கும்போது மரம் எப்படி என்னுடையதாகும்? அவன் நினைத்த அன்றைக்கு வெட்டலாம், வெட்டவும் செய்தான். அப்பாவுக்கு இது தெரியாதா? ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அண்ணனைத் திட்டினேன், இவரைத் திட்டினேன், அப்பா ஒருவரைத்தான் எனக்கென்று சுத்தமாக வைத்திருந்தேன். அந்த முற்றத்தில் நின்றபடியே அவரும் என் கையை விட்டுப் போய்விட்டார்.

“மண்ணையும் சேத்துத் தாருங்க,” என்றேன்.

யாரோ சிரித்தார்கள், அப்பா சொன்னபோது சிரித்த அதே மாதிரி. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு அடங்கியது. அந்தச் செடி நிற்கிற அளவுக்கு, நாலு முழம் மண் போதும், எழுதித் தாருங்கள் என்றேன். மாமி, பொம்பளைக்கு மண் எதற்கு என்று கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். இவர் தன் அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படவில்லை. புரியாத பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி மெதுவாகத்தான் சொன்னார்.

“மண்ணு பிள்ளையளுக்குல்லா.”

“எந்தப் பிள்ளையளுக்கு?” என்று கேட்டேன்.

அவர் கண், அவரை அறியாமலே, முற்றத்தின் அந்தக் கோடியில் விளையாடிக்கொண்டிருந்த எங்கள் இரண்டு பையன்கள் மேல் போயிற்று. மூத்தவள் என் பக்கத்தில், என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் அப்பா எங்கே பார்க்கிறார் என்பதை அவளும் பார்த்தாள்.